மண்டபத் தெருவைச் சுற்றிப் போகும் பாதை

ஜூன் 9, திங்கள்

இன்று அந்த வேலை என் கைக்கு வந்தது. நகரம் முழுவதற்கும் சைக்கிள் பாதை திட்டமிட வேண்டும். ஊர் மாநகராட்சி ஆன பிறகு வருகிற முதல் பெரிய திட்டம் என்று செயற்பொறியாளர் ஞானப்பிரகாசம் சார் என் மேஜைக்கே வந்து சொன்னார். நான் இங்கே ஒப்பந்தத்தில் இருக்கும் திட்டமிடுநர். இதுவரை என்னிடம் வந்ததெல்லாம் பூங்காவும் பேருந்து நிழற்குடையும்தான். ஊரின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இதற்காகத்தானே படித்தோம் என்று இருந்தது.

வீட்டில் சொன்னேன். மாமாவுக்கு ரொம்பப் பெருமை. நம்ம வீட்டுப் பொண்ணு கோடு போட்டா ஊரே அது மேல போகோணும் என்று அத்தையிடம் இரண்டு தரம் சொன்னார். என் கணவன் பிரபாகர் வேலை பார்க்கும் ஓசூரிலிருந்து போனில் வாழ்த்தினான். சனிக்கிழமை வரும்போது ஏதாவது வாங்கி வருகிறானாம். மிக்ஸி ஜார் வாங்கி வரச் சொன்னேன். பழையதில் அடியில் ஒழுகுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வாரமாகக் காலையிலும் மாலையிலும் சந்திப்புகளில் நின்று பார்த்தாயிற்று. முகமெல்லாம் கருத்துவிட்டது. ஞானப்பிரகாசம் சார் மனதில் இருப்பது சின்னேரியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை கியர் சைக்கிள் ஓட்டும் ஆட்கள். ஆனால் நிஜமாக சைக்கிளில் போகிறவர்கள் வேறு. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், டிபன் கேரியர் மாட்டிய வாட்ச்மேன்கள். எல்லாரையும்விட அதிகம் பள்ளிக்கூடப் பெண்கள். ஓடைக்கரைக் காலனியிலிருந்து பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

காலனிக்கும் பள்ளிக்கும் நடுவில் நேராக ஒரே வழிதான். எங்கள் மண்டபத் தெரு. அகலமான தெரு, இரண்டு பக்கமும் வேப்ப மரம், பஸ் கிடையாது, லாரி கிடையாது. சைக்கிளுக்கென்றே யாரோ போட்டு வைத்த மாதிரி. முதல் கோட்டை அங்கேதான் வரைந்தேன். நான் குடியிருக்கிற தெரு என்பதால் இல்லை. யார் வரைந்தாலும் அங்கேதான் வரைந்திருப்பார்கள்.

அந்தப் பெண்கள் எங்கள் தெருவுக்குள் வந்ததும் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாடியிலிருந்து பார்க்கிறேன். பேசிச் சிரித்துக்கொண்டே போவதற்காக இறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பாதை வந்துவிட்டால் ஓட்டிக்கொண்டே போவார்கள்.

ஜூன் 25, புதன்

மழை. மாடியில் காயப்போட்ட மிளகாய் நனைந்துவிட்டது. அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 5, சனி

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் தெரு கல்யாண மண்டபத்தில்தான் நடந்தது. மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தது தெரு நலச் சங்கம். சங்கத் தலைவர் மாமாதான். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுதான் மூச்சு. வந்தவர்களுக்கெல்லாம் சுண்டலும் காபியும் ஏற்பாடு பண்ணியிருந்தார்.

திரையில் வரைபடத்தைக் காட்டினேன். சின்னேரிப் பாதைக்குக் கை தட்டினார்கள். மண்டபத் தெரு வந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கார் எங்கே நிறுத்துவது, தேர் திரும்ப இடம் வேண்டாமா, முகூர்த்த நாளில் கூட்டம் எப்படி வரும், ஆம்புலன்ஸ் எப்படி வரும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். சொல்லவும் செய்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்தவர் எழுந்து அதையே மறுபடி கேட்டார்.

கடைசியில் மாமா மைக்கை வாங்கினார். "இதையெல்லாம் பண்றது எம் மருமக. அவ நம்ம பேச்சத் தட்ட மாட்டா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடையில் வேறு என்ன செய்வது.

காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. நோட்டீஸ் அங்கேயும் ஒட்டச் சொல்லியிருந்தேன். மாமாவிடம் கேட்டதற்கு, பாவம், வேலைக்குப் போறவங்க எங்க வருவாங்க என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக் காலனிக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இத்தனை வருஷத்தில் போனதில்லை.

வேலி ஓரம் ஒரு பெண் புது சைக்கிளின் சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சங்கவி, ப்ளஸ் ஒன். பள்ளியில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், போன வாரம்தான் வந்ததாம். அவள் அம்மா பழனியம்மாள் உள்ளே மூட்டை பனியனைக் கொட்டி வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். டீ வைக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வையுங்கள் என்றேன்.

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"மண்டபத்துக்குள்ளயாங்க மேடம்?" என்றார். நான் ஏதோ வேடிக்கை பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு நானாகவே கேட்டேன், பெண்கள் ஏன் அந்தத் தெருவில் இறங்கி நடக்கிறார்கள் என்று. சங்கவி குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாதான் சொன்னார். "அந்தத் தெருவுல எறங்கித்தானுங்க போகோணும். எங்கம்மா காலத்துல செருப்பையும் கையில எடுத்துக்குவாங்க. இப்ப அதெல்லாம் இல்லீங்க. இப்ப எவ்வளவோ தேவலை."

யார் அப்படிச் சொன்னது என்றேன். யாரும் சொல்வதில்லையாம். போன வருஷம் ஒரு நாள் பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று சங்கவி அப்பாவின் சைக்கிளை இறங்காமல் ஓட்டிப் போயிருக்கிறாள். அன்று சாயங்காலமே அவள் அப்பாவை ஒரு பெரியவர் கூப்பிட்டு அனுப்பிப் பேசினாராம். "நல்ல மனுசருங்க. சத்தமே போடலை. பொம்பளப் புள்ளைய பாத்து அனுப்புங்கன்னு மட்டுந்தான் சொன்னாருங்க" என்றார் பழனியம்மாள்.

அந்தப் பெரியவர் பெயரை நான் கேட்கவில்லை.

உங்க வீடு எங்கீங்க மேடம் என்று கேட்டார். சின்னேரிப் பக்கம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஜூலை 9, புதன்

தலைவலி. அலுவலகத்துக்குப் போகவில்லை. காலையில் மாடிக்கும் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஞானப்பிரகாசம் சார் கூப்பிட்டார். தெரு நலச் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. கவுன்சிலரும் பேசிவிட்டார். மண்டபத் தெருவை எடுத்துவிட்டுப் பைபாஸ் வழியாகக் கோட்டைக் கொண்டுபோகச் சொன்னார். பைபாஸில் இடம் இருக்கிறது, பச்சை பெயிண்ட் அடித்து பிளாஸ்டிக் கம்பம் நட்டால் போதும் என்றார்.

எம்-சாண்ட் லாரி எல்லாம் அதில்தான் போகிறது சார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதில் விடலாமா என்று கேட்டேன். சுற்றுவழி, நிழல் கிடையாது, இரண்டு இடத்தில் லாரிகள் திரும்புகிற வளைவு. எல்லாவற்றையும் சொன்னேன். காலனியில் கேட்டதையும் சொன்னேன். பெரியவரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் இந்த ஊர்க்காரன்தாம்மா. எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைக்கிறியா? மண்டபத் தெருன்னு பிடிவாதம் பிடிச்சா மொத்தத் திட்டமும் நின்னுடும். ஊர்ல மத்தவங்களுக்காவது கிடைக்கட்டும்" என்றார். பொய்யாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கமிஷனரையும் பார்த்தேன். என்னைவிட வயது குறைவு. உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். மிக முக்கியமான விஷயம், இரண்டாம் கட்டத்தில் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாம் கட்டம் என்று ஒன்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

கோட்டை மாற்றினேன். நான் மாற்றாவிட்டால் வேறு யாராவது மாற்றியிருப்பார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பிரபாகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தைக்குப் போகிற வழியில், காரில் வைத்துத்தான் சொல்ல முடிந்தது. வீட்டில் முடியாது. அப்பா யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்றான். ஆமாம் என்றேன். அதுவும் நிஜம்தான். எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தது மாமாதான், பிரபாகர் இல்லை.

"தனியாப் போயிடலாம்னா சொல்லு, போயிடலாம். ஆனா அப்பாகிட்ட இதப் பேசச் சொல்லாத மேகலா. என்னால முடியாது" என்றான்.

முட்டைக்கோஸும் அவரைக்காயும் வாங்கினோம். மாமாவுக்கு வாழைப்பூ கிடைத்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பைபாஸில் பெயிண்ட் அடிக்கிறார்கள். நல்ல வெயில். பச்சை பளபளவென்று இருக்கிறது. ஓரத்தில் கான்கிரீட் தடுப்பு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன், அனுமதி இல்லை என்று வந்துவிட்டது. பிளாஸ்டிக் கம்பம்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வளைவில் நட்ட கம்பங்களை லாரிகள் மிதித்துவிட்டன. வேறு கம்பம் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

திறப்பு விழா. சின்னேரிக் கரையில் பந்தல், வாழைமரம், பலூன். பெரிய மனிதர்கள் எல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் சைக்கிள் ஓட்டினார்கள். பள்ளிப் பெண்களை வரிசையாக நிறுத்தி ஏரியைச் சுற்றி ஓட்டவைத்தார்கள். அதில் சங்கவியும் இருந்தாள். நன்றாக ஓட்டுகிறாள். கையை எடுத்துவிட்டு ஓட்டத் தெரிகிறது. என்னைப் பார்த்துக் கை அசைத்தாள்.

எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள். மாமா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

திரும்பி வரும்போது பார்த்தேன். மண்டபத் தெரு முனையில் நீல நிறத்தில் புதுப் பலகை. சைக்கிள் படம், பக்கத்தில் அம்புக்குறி, பைபாஸ் பக்கம் காட்டுகிறது. நகரம் முழுக்க வைப்பதற்கு நான் வடிவமைத்துக் கொடுத்த பலகைதான். இந்த இடத்துக்கு நான் கொடுக்கவில்லை. சங்கம் கேட்டு வாங்கி வைத்ததாம்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் மாடிக்குப் போனேன். பெண்கள் யாரும் வரவில்லை. அத்தையிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அதான் அவங்களுக்குத் தனி ரோடு போட்டாச்சே, எதுக்கு இந்த வழியா வரோணும் என்றார். முனையில் யாராவது நின்று பலகையைக் காட்டி அனுப்பிவிடுகிறார்களாம். முன்னே தள்ளிக்கொண்டாவது போனார்கள்.

ஞானப்பிரகாசம் சாரிடம் பலகையை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் தூறல். அலுவலகத்துக்குள் நுழையும்போதே சொன்னார்கள், பைபாஸ் வளைவில் பள்ளிக்கூடப் பெண்ணை லாரி தட்டிவிட்டதென்று. நான் யாரென்று கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதினால் பொய். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கையில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சங்கவி. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மழையில் பெயிண்ட் வழுக்கியிருக்கிறது, அதே நேரத்தில் லாரி வளைவில் உள்ளே ஏறியிருக்கிறது. பின்னால் வந்த பெண்கள் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சக்கரம் ஏறியிருக்கும்.

பழனியம்மாள் படுக்கையின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடம் வந்திருக்காங்க பாரு கண்ணு என்று மகளை எழுப்பினார்.

சங்கவிக்கு மருந்து மயக்கம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்கள அந்தத் தெருவுல பாத்திருக்கேனுங்க மேடம். மாடி வீட்ல துணி காயப்போடுவீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"மொதல்ல நீங்க வீட்டுக்கு வந்தப்பவே எனக்குத் தெரியுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

சாயங்காலம் மாமா டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். தோசைத் திருப்பியைக் கீழே வைத்தேன். சங்கவிக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அச்சச்சோ, சின்னப் பொண்ணாச்சே என்றார். கண் கலங்கிவிட்டது. தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவருக்கு உடனே போன் போட்டார், நம்ம பொண்ணு மாதிரி, நல்லாப் பாக்கோணும் டாக்டர் என்று இரண்டு தரம் சொன்னார்.

போனை வைத்ததும் சொன்னேன். "மாமா, அந்தப் பொண்ணு நம்ம தெரு வழியா வந்திருந்தா விழுந்திருக்க மாட்டா."

"விழக்கூடாதுன்னுதானே அம்மிணி தனிப் பாதையே போட்டுக் கொடுத்தோம்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அதை அவர் நம்புகிறார்.

போன வருஷம் அவள் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியது நீங்களா என்று கேட்டேன். அத்தை சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"நான்தான். வேற யாராச்சும் பேசியிருந்தா அடிதடி ஆகியிருக்கும். நான் பக்குவமாச் சொல்லி அனுப்பினேன்" என்றார். கோபமே இல்லை. "உனக்கு மனசு சரியில்ல. போய்க் கொஞ்சம் படு. அத்தை பாத்துக்குவா."

நான் போய்ப் படுத்தேன். நிஜமாகவே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காண்டிராக்டரின் ஆட்களிடம் நானே சொல்லி முனைப் பலகையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

பலகை திரும்ப வந்துவிட்டது. இந்தத் தரம் வெல்டு பண்ணியிருக்கிறார்கள். ஞானப்பிரகாசம் சார் கூப்பிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற சமயத்தில் இதெல்லாம் வேண்டாம்மா என்று மெதுவாகச் சொன்னார்.

மாமாவின் சிபாரிசில் வந்த டாக்டர் சங்கவியின் காலை நன்றாகச் சேர்த்திருக்கிறார். நடப்பதில் குறை இருக்காதாம். பழனியம்மாள் அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

பைபாஸில் பள்ளிப் பெண்கள் அநேகமாக யாரும் போவதில்லை. சிலரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சிலர் ஷேர் ஆட்டோவில் அடைந்து போகிறார்கள். இரண்டு பெண்கள் நூல் மில் வேனில் ஏறுவதை இன்று பார்த்தேன். ஒருத்தி இன்னும் பள்ளிச் சீருடைத் துப்பட்டாதான் போட்டிருந்தாள்.

சின்னேரிப் பாதை நன்றாக இருக்கிறதென்று பேப்பரில் படத்துடன் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

சங்கவியைப் பார்க்கப் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தாள். கால் மெலிந்து வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பழனியம்மாள் உள்ளே துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். கால் சரியானதும் நீ மண்டபத் தெரு வழியாகவே சைக்கிளில் போ, இறங்க வேண்டாம், தினமும் காலையில் நான் முனையில் வந்து நிற்கிறேன், நானும் ஒரு சைக்கிள் வாங்கிக்கொள்கிறேன், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் உன் பக்கத்திலேயே வருகிறேன், யாரும் எதுவும் சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

பழனியம்மாள் கையில் மடித்த தாவணியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

சங்கவி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க கூட வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம். உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "சாயங்காலம் எங்கப்பாவத்தான் கூப்பிடுவாங்க" என்றாள்.

பையில் துணி எதற்கு என்று கேட்டேன்.

சென்னையில் ஆவடியில் அவள் சித்தி இருக்கிறார். நாளைக்கு அங்கே போகிறாள். டி.சி. வாங்கியாகிவிட்டது, அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். சைக்கிளை ரயிலில் போடப் போகிறார்கள். ஹேண்டில் பாரில் கோணிச் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது. லாரி தட்டியதில் வளைந்த முன் சக்கரத்தை அவள் அப்பா கடையில் கொடுத்து நிமிர்த்தி வாங்கிவிட்டார்.

அந்த ஊரில் ரோடெல்லாம் எப்படி இருக்கும், வண்டிகள் அதிகமாச்சே, அங்கே சைக்கிள் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"ஓட்டலாங்க மேடம்" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள். "அங்க எங்கள யாருக்கும் தெரியாதுங்க."

பழனியம்மாள் டீ வைக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, குடித்தேன். சங்கவியின் தலையில் கை வைக்கலாமா என்று தோன்றியது, வைக்கவில்லை. நல்லாப் படி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஸ்கூட்டரைக் கிளப்பிக் காலனியை விட்டு வெளியே வந்து, மண்டபத் தெருவுக்குத்தான் திருப்பினேன். வேறு எங்கே போவது. வீடு அங்கேதான் இருக்கிறது.